பாதியில் நிறுத்தினால் ஊமையாகும் கணினி

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, தீபாவளிக்கு இன்னும் ஒரு மாதம் இருந்த சமயம். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடை வரிசையின் இரண்டாம் மாடியில், பார்வையற்றவர்களுக்குக் கணினியும் தொலைபேசி வேலையும் கற்றுத்தரும் சின்னப் பயிற்சி மையம் ஒன்று இருந்தது. அங்கே வந்த ஒரு கோளாறு மூன்று வாரம் என் உயிரை வாங்கியது. அந்த மூன்று வாரமும் நான்தான் அடுத்தவர் உயிரை வாங்கிக்கொண்டிருந்தேன் என்பது கடைசியில்தான் தெரிந்தது.

நான் ரவாங்கில் இருக்கிறேன். கோலாலம்பூரில் ஒரு சிறிய நிறுவனத்தில் நிரல் எழுதுவது வேலை. பழைய கணினியைப் போலவே நடிக்கும் மென்பொருள் ஒன்றை நாங்கள் தயாரிக்கிறோம். எமுலேட்டர் என்பார்கள். பழைய பெட்டி பழுதாகிப் போனாலும் அதில் ஓடிய மென்பொருள் புதிய கணினிக்குள் ஓடிக்கொண்டிருக்கும். தான் இன்னும் பழைய வீட்டிலேயே இருப்பதாகத்தான் அதற்கு நினைப்பு. அந்த நடிப்பில், ஒலி எழுப்பும் சவுண்ட் கார்டு பாகத்தை எழுதியவன் நான்.

மையத்தின் பழைய கணினிகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் அவர்களுடைய மென்பொருளோ புதிய கணினியில் ஓடாது. அதனால் எட்டுப் புதிய கணினிகளில் எங்கள் எமுலேட்டரைப் போட்டுக் கொடுத்தோம். இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் அங்கே பாடம் நடத்தும் டீச்சரிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தது.

"பாஸ், பேசிக்கிட்டே இருக்கு, திடீர்னு ஊமையாயிடுது. மூடித் தொறந்தாத்தான் மறுபடி பேசுது. கொஞ்சம் வந்து பாருங்க லா."

டீச்சருக்கு என் வயதுதான் இருக்கும். அவருக்கும் பார்வை கிடையாது. எப்போது இப்படி ஆகிறது என்று கேட்டேன். சில நேரம் என்றார். நிரல் எழுதுகிறவனை இதைவிட எரிச்சலூட்டும் பதில் வேறு இல்லை. அந்த எரிச்சலில், "நடக்கும்போது ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள்" என்று எழுதி அனுப்பிவிட்டேன். யாரிடம் என்ன கேட்டிருக்கிறேன் என்பது அனுப்பிய பிறகுதான் உறைத்தது. அழிப்பதற்குள் அவருடைய போன் அதை வாசித்துக் காட்டியிருக்க வேண்டும்.

"அனுப்புறேன் பாஸ். சத்தம் வரலைங்கறது படத்துல தெரியுமா?"

மறுநாள் காலை கொம்யூட்டர் ரயிலேறிப் போனேன். ஒரு கணினி முன் உட்கார்ந்து ஏதேதோ தட்டினேன். ஒவ்வொரு வாக்கியமாக அது வாசித்தது, நானும் பொறுமையாகக் கேட்டேன். அரை மணி நேரம் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

"நல்லாத்தானே பேசுது, டீச்சர்."

"நீங்க கேக்கற மாதிரி நாங்க கேக்கறதில்ல பாஸ், நாங்க வந்து..."

"பரவால்ல டீச்சர், நான் லாக் எடுத்துட்டுப் போய்ப் பாத்துக்கறேன்" என்று எழுந்துவிட்டேன். கணினி தன் நடவடிக்கைகளை வரிசையாக எழுதிவைக்கும் பதிவுதான் லாக். மனிதர்கள் சொல்வதைவிட அதை நம்புவது எங்கள் தொழிலின் வழக்கம்.

பிறகு தொடங்கியது என் வனவாசம். சவுண்ட் கார்டு ஒரு துண்டுப் பேச்சை ஒலித்து முடித்ததும், முடிந்தது, அடுத்ததைக் கொடு என்று கணினியைக் கூப்பிட வேண்டும். இன்டரப்ட் என்று பெயர். வீட்டு வாசலில் மணி அடிப்பது போலத்தான். மணி அடித்தால்தான் அடுத்த துண்டு வரும். மணி அடிக்காவிட்டால் கார்டும் கணினியும் ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டு சும்மா கிடக்கும். எங்கோ மணி அடிக்காமல் போகிறது என்பதுவரை லாக்கைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டேன். ஏன் என்பதுதான் பிடிபடவில்லை.

மணியைக் கொண்டுசேர்க்கும் பாகத்தை எழுதியவர் பக்கத்து மேசைக்காரர். அவர் மேல் சந்தேகப்பட்டு அவருடைய நிரலை மூன்று நாள் படித்தேன். சுத்தமாக இருந்தது. அதுவே எனக்குக் கோபமாக இருந்தது. ஹெட்போன்களை மாற்றினேன். எல்லாவற்றையும் அழித்து மறுபடி போட்டேன். கார்டை ஆயிரம் தடவை ரீசெட் செய்து, அதாவது முதலிலிருந்து தொடங்கவைத்துப் பார்க்கும் சோதனை ஒன்றை எழுதினேன். ஆயிரம் தடவையும் பேசியது. மேசையைக் குத்தலாம் போலிருந்தது. இதற்கிடையே டீச்சரின் குரல் செய்திகள் வந்தபடி இருந்தன. ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சுருக்கமாக இருந்தது. கடைசியாக வந்தது இரண்டே சொல்: "மறுபடியும் ஊமை."

மூன்றாம் வாரம் வியாழக்கிழமை, தொலைபேசியில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் வேலைக்கு ஆள் எடுக்க ஒரு நிறுவனம் மையத்துக்கு வருவதாக இருந்தது. திங்கட்கிழமை டீச்சர் மாதிரித் தேர்வு வைத்தார். எட்டு மாணவர்கள். பந்திங்கிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் ஒரு பெண்ணும் அதில் இருந்தாள். அன்றைய லாக்குகள் என் மேசைக்கு வந்தன. அந்தப் பெண்ணுடைய கணினியில் நாலைந்து விசைகள் அழுத்தப்பட்டிருந்தன. அதன் பிறகு பதினொரு நிமிடம் ஒன்றுமே இல்லை. 'பயனர் சும்மா இருந்தார்' என்று குறித்துவைத்துவிட்டு அடுத்ததைப் பார்க்கப் போனேன்.

மறுநாள் காலை டீச்சர் நேராகவே அழைத்தார். "வியாழக்கிழமை பரீட்சை பாஸ். நீங்க வரீங்களா, இல்ல வேற ஆளப் பாக்கட்டுமா?"

எனக்கும் கோபம்தான். அன்றே கிளம்பிப் போனேன். லிப்ட் வேறு வேலை செய்யவில்லை. இரண்டு மாடி ஏறி மூச்சு வாங்க உள்ளே போனதும், டீச்சர் பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார்.

"ஒக்காருங்க. இன்னிக்கு நீங்க பேசக்கூடாது. என் கைய மட்டும் பாருங்க."

கணினியைத் திறந்தார். அது பேசிய வேகத்தில் ஒரு வார்த்தைகூட எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் நான் அசந்துபோனது அதற்காக அல்ல. டீச்சர் எதையுமே முழுதாகப் பேசவிடவில்லை. ஒரு சொல்லின் முதல் ஓசை வந்ததும் இடது கை சுண்டுவிரல் கன்ட்ரோல் விசையைத் தட்டும், பேச்சு அறுந்துவிடும். அடுத்த வரிக்குப் போவார், மறுபடி தட்டுவார்.

"'கஸ்டமர் நம்பர்'னு முழுசா கேட்டுக்கிட்டு இருந்தா போன்ல இருக்கறவன் வச்சிட்டுப் போயிடுவான் பாஸ். 'கஸ்'ன உடனே எங்களுக்குப் புரிஞ்சிடும். இங்க யாருமே அத முழுசா பேச விடறதில்ல. நீங்க மட்டுந்தான் பேச விட்டீங்க."

நான்கு நிமிடத்தில் கணினி ஊமையானது. மூடித் திறந்தார். இன்னும் மூன்று நிமிடத்தில் மறுபடியும் ஊமை.

"பேசிக்கிட்டு இருக்கறப்ப வெட்டுனாத்தான் சில நேரம் சாவுது. சும்மா இருக்கறப்ப தட்டுனா ஒண்ணும் ஆவறதில்ல. இதத்தான் மொத நாளே சொல்ல வந்தேன்."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. அந்தக் கன்ட்ரோல் விசையைத் தட்டினால் பழைய மென்பொருள் பேச்சை நிறுத்த சவுண்ட் கார்டை ரீசெட் செய்யும். ரீசெட் ஆனதும் கார்டு எல்லாவற்றையும் மறந்துவிடும்படி எழுதியிருந்தேன். ஆனால் சரியாக அந்தக் கணத்தில் மணிப் பொத்தான் அழுந்தியிருந்தால், அதை விடுவிக்க எழுதவில்லை. அழுந்திய பொத்தான் அழுந்தியபடியே இருக்கும். அதை மேலும் எத்தனை முறை அழுத்தினாலும் மணி அடிக்காது. நான் ஆயிரம் தடவை சோதித்ததும் கார்டு சும்மா இருந்தபோதுதான். திருத்தம் ஒரே ஒரு வரி. பக்கத்து மேசைக்காரர் நிரலில் அல்ல, என் நிரலில்.

அங்கேயே உட்கார்ந்து அந்த வரியைச் சேர்த்து எட்டுக் கணினியிலும் போட்டேன். டீச்சர் ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம் பேச்சை வெட்டி வெட்டிப் பார்த்தார். எதுவும் ஊமையாகவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன்.

"என்கிட்ட எதுக்கு? பந்திங் பொண்ணு நாளைக்கு வருவா. அவகிட்ட வந்து சொல்லுங்க."

புதன்கிழமை மறுபடி போனேன். திங்கட்கிழமை கணினி நின்றது அவளால் அல்ல, நான் எழுதிய நிரலில் இருந்த தவறு என்று சொன்னேன்.

"அப்போ நான் தப்பா ஒண்ணும் அழுத்தலயாண்ணே?"

"இல்லம்மா."

"நான் எதையோ கெடுத்துட்டேன்னு நெனச்சேன். மேல மேல அழுத்தி இன்னும் கெடுத்துடப் போறேன்னு பயந்து கைய மடியில வச்சிக்கிட்டு ஒக்காந்துட்டேன். கேட்டா டீச்சர் திட்டுவாங்களோன்னு கேக்கவும் இல்ல. வீட்டுக்குப் போயி, எனக்கு இதெல்லாம் வராது, இனிமே போகமாட்டேன்னு சொல்லிட்டேன். டீச்சர் போன் பண்ணித்தான் இன்னிக்கு வந்தேன்."

நான் 'சும்மா இருந்தார்' என்று எழுதிய பதினொரு நிமிடம் அதுதான்.

வியாழக்கிழமை எட்டுக் கணினியும் ஒழுங்காகப் பேசின. ஐந்து பேருக்கு வேலை கிடைத்தது. பந்திங் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. மலாயில் பதில் சொல்லும்போது தடுமாறிவிட்டாளாம். ஆறுதல் சொல்லலாம் என்று அழைத்தேன். எனக்குத்தான் ஆறுதல் தேவைப்பட்டது போலிருக்கிறது.

"இந்தத் தடவ தோத்தது நான்தாண்ணே, மிஷின் இல்ல" என்று சிரித்தாள். "மலாய் படிச்சிக்கலாம். அடுத்த தடவ பாத்துக்கறேன்."

சில மாதங்களில் கிளாங்கில் ஒரு லோரி கம்பெனியில் போன் எடுக்கும் வேலை அவளுக்குக் கிடைத்துவிட்டதாக டீச்சர் சொன்னார். நான் செய்த தவறை இன்னொருவர் தன் தவறென்று நம்பி, இரண்டு பஸ் மாறி வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடும் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. இப்போது ஒரே ஒரு வரி எழுதினாலும், அதை எழுதி முடித்துக் கையெடுக்கும் முன் அந்த எண்ணம் வந்துவிடுகிறது.