பீப் அக்காவின் கட்டைவிரல்

பேருந்து நிலைய வாசலில் பெண்களைச் சோதித்து உள்ளே விடும் காவலாளிக்குப் பயணிகள் வைத்த பெயர் பீப் அக்கா. கையில் கரண்டி மாதிரி, உலோகத்தைக் கண்டுபிடிக்கும் ஒரு கருவி. ஆள்மேல் ஓட்டும்போது 'பீப்' என்றால் பையைத் திறக்கச் சொல்வாள். அந்தக் கருவி செத்து எட்டு மாதம். சோதனைப் பொத்தானை அழுத்தினால் மட்டும் சத்தம் வரும். கனமான பையைக் கண்டால் அக்காவே கட்டைவிரலால் அழுத்திவிடுவாள். மூன்று முறை எழுதிக் கொடுத்தும் பார்த்தாள். "சத்தம் வருதுல்ல, போதும்மா" என்று வாயை அடைத்துவிட்டார் மேற்பார்வையாளர்.

இந்த நேரம் பார்த்துப் பயங்கரவாதத் தடுப்புப் பிரிவின் தலைவராக இருந்து ஓய்வுபெற்றவர் தொலைக்காட்சியில் போட்டு உடைத்தார்: "வாசல்கள்ல இருக்கிற கருவிகள்ல பாதி வேலை செய்யாது. எல்லாம் கண்துடைப்பு!"

யார் நம்பினார்கள்? தையல்காரரான அவள் கணவரே நக்கலடித்தார். "பதவியில இருந்தப்ப வாயத் தொறக்கல. நாற்காலி போனதும் ஞானோதயமா?"

தொலைக்காட்சியில் பேசிய மனிதர் சொல்வது சத்தியம் என்று அக்காவுக்குத் தெரியும். சொன்னால் வேலை போய்விடும்.

அவரைப் பொய்யராக்க, மூன்றாம் நாள் காலை கேமராக்களோடு அமைச்சரம்மா வந்து இறங்கினார், இதே வாசலுக்கு! "விரலை மறந்துடாதே" என்று காதைக் கடித்தார் மேற்பார்வையாளர். அமைச்சர் கைகளை விரித்து நின்றார். இடுப்பில் பெரிய சாவிக்கொத்து.

அக்கா கருவியை ஓட்டினாள். தோள், கை, இடுப்பு. கட்டைவிரலைத் தூக்கியே வைத்திருந்தாள். ஒரு சத்தமும் இல்லை.

"இன்னொரு தடவை பாரும்மா," என்றார் அமைச்சர், சிரிப்பு மாறாமல்.

"நூறு தடவை பாத்தாலும் இதாம்மா. எட்டு மாசமா இது வேலை செய்யல. அந்தப் பெரியவர் சொன்னது உண்மை. இத்தனை நாளும் சத்தம் போட்டது என் விரல்!"

அடேயப்பா, என்ன கூச்சல்! கேமராக்கள் முட்டி மோதின. மேற்பார்வையாளர் முகத்தில் ஈயாடவில்லை. கருவியைப் பிடுங்கிக்கொண்டு கத்தினார்: "இனிமே உன்னை எவ நம்புவா?"

அக்காவுக்கும் அதே பயம்தான். எட்டு மாதம் ஏமாற்றியவள் அல்லவா? வெறுங்கையோடு நின்றாள்.

வரிசையில் முதலில் நின்ற பெண் முன்னால் வந்தாள். கேட்காமலே பையின் ஜிப்பைத் திறந்து நீட்டினாள்.

"கையை விட்டு நல்லாப் பாருங்கக்கா."

அவளுக்குப் பின்னால் வரிசை முழுக்க ஜிப்புகள் திறக்கும் சத்தம் கேட்டது.