மருந்தடிக்காத மகராசன்

வரப்பை வாரிக்கொண்டிருக்கிறார். தலை வாருவதுபோல ஒரே பக்கமாக, இரும்பு வாரியால். காய்ந்த சருகு ஒன்றுகூடத் தப்புவதில்லை. அக்கம்பக்கத்தில் இவருக்குச் 'சீப்பு' என்றே பெயர். காதில் விழுந்தாலும் கோபப்படுவதில்லை. பாராட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

முட்டைக்கோஸ் போடுகிறார். ஆறு வருடமாக ரசாயனத்தைத் தொட்டதில்லை. அதைச் சொல்லாத நாளும் இல்லை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சும்மா மணி கேட்டால்கூட, "நான் மருந்தே அடிக்கிறதில்லீங்க" என்றுதான் ஆரம்பிப்பார். உயிர்களைக் காப்பவராம்! வேலியோரப் புதரை வெட்டி எரித்தார். தவளை கத்துகிறதென்று நீர் தேங்கும் பள்ளத்தை மண் கொட்டி மூடினார். ஒரு களை தலைகாட்டிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

"வயல்னா நடுவீடு மாதிரி இருக்கணும்" என்பார்.

"பூச்சிமருந்தை விட்டுட்டீங்க, பூச்சி மேல இருக்கிற ஆத்திரத்தை விடலையே" என்பார் மனைவி. அந்த வீட்டில் மூளை வேலை செய்வது அந்த அம்மாளுக்கு மட்டும்தான்.

பக்கத்து வயல்காரர் மருந்தடிப்பவர்தான். ஆனால் மகா சோம்பேறி. அவர் வரப்பில் இடுப்பளவு புல். அதில் தேனீ, தட்டான், காடை எல்லாம் குடியும் குடித்தனமுமாக இருக்கின்றன. "அது வயலா? சத்திரம்!" என்று இவர் காறித் துப்புவார்.

இந்த வருடம் வினை வந்து சேர்ந்தது. கோஸ் வாங்கும் கம்பெனி, வயலில் எத்தனை வகை உயிர் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்த பிறகே இயற்கை முத்திரை தருமாம். முத்திரை போனால் இவர் கோஸும் ஊர்க் கோஸும் ஒன்று. எண்ண வந்த பெண் மூன்று இடங்களில் மரச்சட்டத்தைத் தரையில் வைத்து, மண்டியிட்டு அதற்குள் உயிர் தேடி, மூன்று பூஜ்யம் எழுதினாள்.

"இப்ப வெயில் நேரம்மா, எல்லாம் உள்ள போயிருக்கும்" என்றார், வாய் கூசாமல். கழுத்து மட்டும் வியர்த்தது.

நாலாவதுதான் கடைசி. சட்டத்துக்குள் எப்படியோ பிழைத்துக் கிடந்த மஞ்சளாய்ப் பூத்த ஒரு சின்னக் களைச்செடி. பூவின்மேல் சிவப்பாக ஒரு பொறிவண்டு.

"அப்பாடா! ஒண்ணு இருந்தாலும் போதுங்க ஐயா, முத்திரையை இன்னொரு வருஷத்துக்கு இழுத்துப் பிடிச்சிடலாம்" என்று அவளே மகிழ்ந்துபோய், படமெடுக்கக் கேமராவுக்காகப் பையின் பக்கம் திரும்பினாள்.

இவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாயெல்லாம் பல்லாகக் குனிந்தார். செடியை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, வண்டோடு சேர்த்துப் பக்கத்து வயலில் எறிந்தார்.