ட்ரில் மாஸ்டரின் கொள்ளுப் பத்தியம்

ஞானராஜ் சாரை எனக்குப் பிடிக்காது. ஒரு மனிதரைப் பற்றி எழுதும்போது நடுநிலை வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்தார்கள். அப்படிச் சொன்னவர்கள் யாரும் ஞானராஜ் சாரிடம் பிரம்படி வாங்கியவர்கள் அல்ல.

அவர் நான் படித்த மிஷன் பள்ளியில் ட்ரில் மாஸ்டர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் விசில், காலில் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. அவருக்கென்று ஒரு சட்டம் இருந்தது. பையன்கள் அவரை எங்கே பார்த்தாலும் நின்று, விறைத்து, சல்யூட் அடிக்க வேண்டும். அவர் 'டிஸ்மிஸ்' என்று சொல்லும்வரை அசையக் கூடாது. வேறு யார் சொன்னாலும் கேட்கக் கூடாது.

ஐந்தாம் வகுப்பில் ஒருநாள் கறிக்கடை முன்னால் அவருக்குச் சல்யூட் அடித்தேன். அவர் கறி வாங்கினார், எலும்பு கூடுதல் என்று சண்டை போட்டார், என்னைத் திரும்பிப் பார்க்காமலே போய்விட்டார். நான் வெயிலில் நின்றுகொண்டே இருந்தேன். அம்மா வந்து காதைத் திருகி வீட்டுக்கு இழுத்துப் போனாள். மறுநாள் பள்ளியில் அடி விழுந்தது.

"ஒன்னைய டிஸ்மிஸ் பண்ணது யாருலே? ஒங்கம்மாவா ட்ரில் மாஸ்டர்?"

மதுரையில் பி.ஏ. முடித்துவிட்டு நான் ஊர் திரும்பியபோது, அவர் நாகல் நகரில் எங்கள் வளவுக்கே குடி வந்திருந்தார். ஆறு குடித்தனம், ஒரு குழாய், பின்பக்கம் தகரக் கதவு போட்ட ஒரே கக்கூஸ். அத்தா, அதாவது என் அப்பா, தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் என்ன ஆகிவிட்டது என்றுதான் அப்போது எனக்கும் தெரியவில்லை. வேலைக்கு மனுப் போட்டுவிட்டுத் தபால்காரரை எதிர்பார்த்துக் கிடந்தேன்.

"என்ன பி.ஏ., இன்னைக்கும் வீட்டுக்குக் காவலா?" என்பார் ஞானராஜ் சார். ஒருநாளும் என் பெயரைச் சொன்னதில்லை.

அந்த வருஷம் பள்ளிக்குப் புதுத் தாளாளர் வந்தார். ட்ரில் வகுப்பில் சார் குனிந்து காலைத் தொடச் சொல்ல, அவருக்கே தம் கால் எட்டாததைக் கண்டு பையன்கள் சிரிக்க, தாளாளர் வராந்தாவில் நின்று பார்த்துவிட்டார். விளையாட்டு விழாவுக்குள் தொந்தி இறங்க வேண்டும், இல்லையென்றால் விசிலை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். சார் படித்தது எட்டாம் வகுப்பு. விசில் போனால் பள்ளியில் அவருக்கு வேறு வேலை கிடையாது. சுவர் மெல்லிசு என்பதால் இந்தச் செய்தி அன்று மாலையே வளவு முழுவதும் தெரிந்துவிட்டது.

மறுநாளிலிருந்து சோறு இல்லை, வெஞ்சனம் இல்லை, எண்ணெய் இல்லை. மூன்று வேளையும் வேகவைத்த கொள்ளு. தண்ணீர் குடித்தால் வயிறு உப்பும் என்று தொண்டையை நனைப்பதோடு சரி. சிறுமலைப் பழக்காரி வந்தால், "பழம் தின்னா சதை போடும், அந்தப் பக்கம் போ" என்று விரட்டினார்.

வளவு வாசலில் குதிரை கட்டியிருக்கும் ஜட்கா வண்டிக்கார மூக்கையாவுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

"வாத்தியாரே, எங் குதிரைக்குப் பங்காளியா வந்துட்டீகளே! லாடமும் அடிச்சு விட்டுருவமா?"

கொஞ்ச நாளில் சாரின் கன்னம் ஒட்டியது. கை கால் சூம்பியது. தொந்தி மட்டும் கவிழ்த்த பானைபோல இறுகி அப்படியே நின்றது.

அவர் மனைவி லூர்தம்மாள் அவரிடம் நேராகப் பேசுவதில்லை. அடுப்பிடம்தான் பேசுவாள்.

"உள்ள போறது வெளிய வந்தாத்தான வயிறு எறங்கும்? கொள்ளு சூடு. கொடலு காஞ்சு கெடக்கு. சொன்னா, பொம்பளைக்கு என்ன தெரியும்பாக."

அடுப்பு சொன்னதை அவர் கேட்கவில்லை. விடிந்ததும் செம்போடு கக்கூஸுக்குள் போவார். தகரக் கதவு சாத்திக்கொள்ளும். உள்ளேயிருந்து முக்கலும் முனகலும் வரும். வெளியே ஐந்து குடித்தனமும் வாளியோடு வரிசையில் நிற்கும்.

"சார், இவுக தோல் ஷாப்புக்குப் போகணும். சங்கு ஊதப் போறான்" என்பாள் அம்மா.

"பொறுங்க!"

"உள்ளயே குடித்தனம் வச்சிட்டீகளா? பால் காச்சினாச் சொல்லுங்க, குடும்பத்தோட வாரோம்" என்பான் மூக்கையா. "எங் குதிரையும் கொள்ளுதான் திங்குது. ரோடு பூராம் லத்தி போட்டுக்கிட்டுப் போகுது. நீங்க ஏன் வாத்தியாரே இம்புட்டுக் கஞ்சத்தனம் பண்றீக?"

ஒருநாள் மூக்கையா தகரக் கதவைத் தட்டி, சாரின் குரலிலேயே கத்தினான். "டிஸ்மிஸ்! எந்திரிச்சு வாங்க!"

எல்லோரும் சிரித்தோம். கதவு படாரென்று திறந்தது.

"அந்த வார்த்தையச் சொன்னது எவன்டா?"

பிரம்பை ஓங்கும் முகத்தைத்தான் எதிர்பார்த்தேன். நான் கண்டது பயந்த முகம். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புகிற சொல்லும், வேலையிலிருந்து ஆளை வீட்டுக்கு அனுப்புகிற சொல்லும் ஒன்றுதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. உறைத்தும் இரக்கம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டுப் பார்த்தேன். என் மனுக்களைப் பார்த்த யாரோ ஒருவர் 'காலியில்லை' என்ற ஒரு சொல்லால் என்னையும் வீட்டில் உட்கார வைத்திருந்தார். எனக்காக யாரும் பயப்படவில்லையே என்ற பதில்தான் வந்தது. நல்ல பதில் இல்லை.

கடைசியில் விளக்கெண்ணெய்தான் வழி என்றானது. எங்கள் வளவில் பேதிக்குச் சாப்பிடுவதற்கு ஒரு முறை உண்டு. ஞாயிற்றுக்கிழமைதான் சாப்பிட வேண்டும். முந்தின நாளே ஒவ்வொரு வீட்டுப் படியிலும் நின்று, "நாளைக்கு எங்க வீட்டுல பேதிக்குக் குடிக்கோம், செத்த அனுசரிச்சுக்கங்க" என்று கேட்க வேண்டும். விளையாட்டு விழாவோ சனிக்கிழமை. சாருக்கு வெள்ளிக்கிழமை தேவைப்பட்டது. அவர் யார் வீட்டுப் படிக்கும் போகவில்லை. குழாயடியில் நின்று அறிவித்தார்.

"வெள்ளிக்கெழம காலைல கக்கூஸ் எனக்கு. எல்லாரும் வேற எடம் பாத்துக்கங்க."

"வெள்ளிக்கெழம தொழுகை நாளு. முடியாது சார்" என்றாள் அம்மா.

"ஒரு சல்யூட் அடிச்சுக் கேளுங்க, யோசிக்கிறேன்" என்றான் மூக்கையா.

சார் காறித் துப்பிவிட்டு உள்ளே போனார்.

வெள்ளிக்கிழமை விடிகாலையில் நான் நத்தம் ரோட்டுப் பக்கம் கருவக்காட்டுக்குப் போயிருந்தேன். அவர் கக்கூஸைப் பிடித்துக்கொண்ட நாளிலிருந்து எனக்கு அங்கேதான். திரும்பி வந்து புளியமரத்தடியில் நின்றபோது, ரோட்டில் ஞானராஜ் சார் வேகமாக வருவது தெரிந்தது. ஒரு கையில் செம்பு, இன்னொரு கை வயிற்றில். நாலடி நடந்து நிற்பார், பல்லைக் கடிப்பார், மறுபடி நடப்பார். விளக்கெண்ணெய் வேலையைத் தொடங்கியிருந்தது; கக்கூஸில் அன்று வேறு யாரோ முந்திக்கொண்டிருக்க வேண்டும். பாதையோரத்துப் புதரைத் தாண்டி அவரால் போக முடியவில்லை, அங்கேயே உட்கார்ந்துவிட்டார். புதரோ அவருடைய இடுப்பை மட்டும்தான் மறைத்தது.

அப்போது கிராமத்துப் பையன்கள் கூட்டமாக வந்தார்கள். சனிக்கிழமை அணிவகுப்புக்கு அன்று ஒத்திகை, விடிந்ததும் வந்துவிட வேண்டும் என்று அவர்களுக்கு உத்தரவு போட்டவரும் அவர்தான். புதருக்கு மேல் தெரிந்த தலையை முன்னால் வந்தவன் அடையாளம் கண்டுகொண்டான். நின்றான். விறைத்தான்.

"குட் மார்னிங் சார்!"

மொத்தப் பேரும் வரிசையாக நின்று சல்யூட் அடித்தார்கள். ஒருவனும் அசையவில்லை. அவர்கள் பயந்து நின்றார்களா, வஞ்சம் வைத்து நின்றார்களா என்று என்னால் சொல்ல முடியாது. இரண்டும் இருந்திருக்கும்.

சார் தலையைக் குனிந்துகொண்டார். அந்த வார்த்தையைச் சொன்னால் அங்கே உட்கார்ந்திருப்பது தாம்தான் என்று ஒப்புக்கொண்டதாகும். சொல்லாவிட்டால் அவர்கள் போகமாட்டார்கள். எழுந்திருக்கவோ வழியே இல்லை. "போங்கடா" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை. அது சரியா என்று அவ்வப்போது யோசிக்கிறேன். ஒவ்வொரு முறையும் கறிக்கடை வெயில்தான் ஞாபகம் வருகிறது.

வெகுநேரம் கழித்துப் புதருக்குள்ளிருந்து உடைந்த குரல் வந்தது.

"டிஸ்மிஸ்."

பையன்கள் கையை இறக்கினார்கள். ஒழுங்காகத் திரும்பி, ரோட்டு வளைவு வரை கால் பிசகாமல் நடந்தார்கள். வளைவு தாண்டியதும் எழுந்த சிரிப்பில் புளியமரத்துக் காக்காய்கள் பறந்தன.

மறுநாள் விழாவில் சாரின் பெல்ட் தளர்ந்து தொங்கியது. குனிந்தார், கால் எட்டியது. தாளாளர் தலையசைத்தார். விசில் தப்பிவிட்டது. ஆனால் அணிவகுப்பு முடிந்து, பள்ளியே விறைத்து நிற்க, சார் "டிஸ்மிஸ்" என்றதும் மைதானம் முழுவதும் வெடித்துச் சிரித்தது. தாளாளர் எதற்குச் சிரிப்பு என்று அப்பாவியாய்ச் சுற்றிலும் பார்த்தார். யாரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை கக்கூஸ் வாசலில் நான் வாளியோடு நின்றேன். எனக்குப் பின்னால் சார் வந்தார். அவரிடம் சோற்று வாசனையும் வாழைப்பழ வாசனையும் அடித்தன.

"பி.ஏ., அன்னைக்கிப் புளியமரத்தடில நின்னது நீதான?"

"ஆமா சார்."

"போங்கடான்னு அவங்ககிட்டச் சொல்றதுக்கு என்னலே? படிச்சவன்தான நீ?"

"அட்டேன்ஷன்ல நிக்கிறவனுக்கு வேற யாரும் ஆர்டர் போடக் கூடாதுன்னு நீங்கதான் சார் சொல்லிக் குடுத்தீக."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப நில்லு" என்றார். என்னைத் தோளால் இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்த் தகரக் கதவைத் தாழிட்டார்.