ஒலிவியோ வீசிய இரும்புச் சட்டம்

பரானா மாநிலத்தின் இந்தச் செம்மண்ணில் ஒலிவியோ பொர்தொலான்சாவைப் போல உழவை எதிர்த்து வாய் கிழியப் பேசியவர் யாரும் இல்லை. பக்கத்து நிலத்தில் கலப்பை இறங்கினால் மண்ணின் உயிர் போய்விடும் என்று வேலியோரம் நின்று திட்டுவார். அவருடைய சோயா வயலில் கலப்பை பட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அறுத்த பயிரின் தாளை அப்படியே விட்டுவிட்டு, அதன் நடுவிலேயே அடுத்த விதையைப் போடுவார். நான் அடுத்த நிலத்துக்காரி. அவர் நச்சரிப்பு தாங்காமல்தான் நானும் உழுவதை விட்டேன். அந்த மனுஷன் தலைகுனிந்த கதையைச் சொல்வது எனக்கு ஒன்றும் இனிப்பான வேலை அல்ல.

முழங்கால் தேய்ந்த பிறகு நிலத்தை மருமகன் ஜில்மாரிடம் விட வேண்டி வந்தது. மண் இறுகிச் செத்துவிட்டது, உழுதே ஆகவேண்டும் என்று அவன் ஒற்றைக்காலில் நின்றான். சண்டை முற்றிக் கடைசியில் மாமனாரும் மருமகனும் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்தார்கள். விவசாயிகள் சங்கத்து வேளாண் அலுவலரான சுவெலன் என்ற பெண் வந்து மண்புழுவை எண்ணட்டும். போதுமான புழு இருந்தால் கலப்பை வரக் கூடாது. இல்லாவிட்டால் மருமகன் இஷ்டம்.

அது ஆகஸ்ட் மாதம், மழை ஏமாற்றிய வருஷம். எண்ணும் நாள் நெருங்கியபோது, முன்கூட்டியே தானே ஒருமுறை பார்த்துவிட நினைத்தார். முன்பு ஒரு மழைக்காலத்தில் சுவெலன் கடுகுத்தூள் கரைத்த தண்ணீரை ஊற்ற, காரம் தாங்காமல் புழுக்கள் நெளிந்து மேலே வந்ததை அவர் பார்த்திருந்தார். அதே நினைப்பில், சாஸேஜுக்குத் தொட்டுக்கொள்ளும் கடுகு விழுதை வாளியில் கரைத்து, யாரும் இல்லாத நேரம் பார்த்து வயலில் ஊற்றினார். ஒன்றும் வரவில்லை. மேலாகக் கொத்திப் பார்த்தார். புழுதிதான் பறந்தது. மனுஷன் அங்கேயே உடைந்துபோனார். சாணக்குழியிலிருந்து, தூண்டிலுக்கு எடுக்கும் சிவப்புப் புழுக்களை ஒரு டப்பா நிறைய அள்ளி வந்தார். வயலில் ஓரிடத்தில் புதைத்து, தண்ணீர் தெளித்து, தாளைப் போட்டு மூடினார். இதையெல்லாம் பிறகு அவரே என்னிடம் சொன்னார்.

எங்கே தோண்டுவது என்பதை எங்கள் பக்கத்தில் நிலத்துக்காரர் வீசும் சட்டம்தான் முடிவு செய்யும். வயலுக்கு முதுகைக் காட்டி நின்று, சதுரமான இரும்புச் சட்டத்தைத் தோளுக்கு மேலாகப் பின்னால் வீச வேண்டும். விழுந்த இடத்தில் தோண்டுவார்கள். யாரும் நல்ல இடமாகப் பார்த்துக் காட்டிவிடக் கூடாது என்று வந்த வழக்கம் அது. அன்று அக்கம்பக்கத்தார் எல்லாரும் மாத்தே என்ற கசப்புத் தேநீர்க் குடுவையைக் கைமாற்றிக் குடித்தபடி நின்றிருந்தோம். ஒலிவியோ இடம் தேடி நடந்ததையும், வீசுவதற்கு முன் ஓரக்கண்ணால் பின்னே பார்த்ததையும் நான் கவனித்தேன். ஏனென்று அப்போது புரியவில்லை.

சட்டம் விழுந்த இடத்தைச் சுற்றிப் பள்ளம் பறித்து, நடுவிலிருந்த மண்ணைச் சுவெலன் அடுக்கடுக்காக வெட்டி எடுத்தாள். வெள்ளைத் தார்ப்பாயில் கொட்டி, நாங்கள் கையால் உதிர்த்துத் தேடினோம். முதல் அடுக்கிலேயே சிவப்புப் புழுக்கள் கொத்துக் கொத்தாக நெளிந்தன. மீன் பிடிக்காதவர் எங்களில் ஒருவரும் இல்லை. அவை சாணத்தில் பிழைப்பவை, வயல் மண்ணில் தங்காது என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். சுவெலன் அவற்றைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துப்போட்டு, இது கணக்கில் சேராது என்று மட்டும் மெல்லச் சொன்னாள். ஒலிவியோவின் முகம் காது மடல்வரை சிவந்துவிட்டது. அவரைப் பார்க்க எனக்கே கூசியது.

அவள் அதோடு நிறுத்தவில்லை, அடி அடுக்கையும் வெட்டினாள். கொஞ்சம் ஈரம் ஒட்டியிருந்த அந்த மண்ணில், மொச்சைக்கொட்டை அளவு சின்னச் சின்ன அறைகள் இருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சாம்பல்நிறப் புழு முடிச்சுப் போட்டதுபோலச் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. உதிர்க்க உதிர்க்க வந்துகொண்டே இருந்தன. வறட்சியில் இவை கீழே போய்ச் சுருண்டுவிடும், கடுகு ஊற்றினாலும் எழாது என்று சுவெலன் விளக்கினாள். அவருடைய புழுக்கள் அவருடைய மண்ணிலேயேதான் இருந்திருக்கின்றன.

"இதையும் நீங்கதான் கொண்டுவந்து போட்டீங்களா மாமா?" என்றான் ஜில்மார். எல்லாரும் சிரித்தார்கள்.

சுவெலனுக்குக் கோபம் வந்துவிட்டது. "இத யாராலயும் போட முடியாது. ஒவ்வொண்ணும் தானா கட்டிக்கிட்ட அறை இது. மண்ணு உசுரோட இருக்கு, உழாதீங்க."

ஜில்மார் கையிலிருந்த மண்கட்டியை வெகுநேரம் உருட்டிப் பார்த்தான். கடைசியில், வாக்கு வாக்குதான், உழமாட்டேன் என்று ஒத்துக்கொண்டான். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

ஒலிவியோ நிமிரவே இல்லை. "இல்லப்பா, நீ உழுதுக்கோ. ஜெயிச்சேன்னு சொல்லிக்க எனக்கு மூஞ்சி இல்ல" என்றார்.

சுவெலன் கெஞ்சினாள், அவர் மகள் அழுதாள். அவர் அசையவில்லை. உழ வேண்டும் என்ற ஆசை முதலிலிருந்தே இருந்த ஜில்மார், மறு வாரம் டிராக்டரை இறக்கினான். சத்தம் கேட்டதும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை, நேராக அவர் வீட்டுக்குப் போனேன். வயல் கண்ணில் படாத பின்பக்கமாக உட்கார்ந்திருந்தார்.

"தப்புப் பண்ணது நீங்க. வெட்டுப்படறது அந்தப் புழுங்களா அண்ணே?" என்று கேட்டேவிட்டேன்.

அப்போதுதான் கடுகு வாளியிலிருந்து டப்பா வரை எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "ஊரையெல்லாம் மண்ண நம்பச் சொன்னேன்மா. ஒரு வறட்சிக்கு நானே நம்பல. இனிமே அது என் மண்ணுன்னு எந்த வாயால சொல்லுவேன்?" என்றார்.

டிராக்டர் கடைசி வரியை உழுது முடிக்கும்வரை அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.