அடையாற்றுக் கடலில் தூசி தேடிய மாலை

போன செப்டம்பர் கடைசியில், வாடைக்காற்று தொடங்குவதற்குமுன் கிடைத்த கடைசி வாய்ப்பு இது. விலங்கு மிதவைகள் என்கிற கடுகளவு உயிரிகள் பகலெல்லாம் கடலின் ஆழத்தில் கிடக்கும். பொழுது சாய்ந்தால் கூட்டமாக ஏறும், விடிந்தால் இறங்கும். தண்ணீருக்குள் ஒலியை அனுப்பினால் எதிரொலியில் அது தெரியும். ஒரு தடவையாவது முழுதாகப் பதிவுசெய்யாவிட்டால் ஆய்வேட்டில் அந்த அத்தியாயமே கிடையாது என்று என் பேராசிரியை சொல்லிவிட்டார். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

பிற்பகல் 2.10க்கு மந்தைவெளியில் ஆட்டோ. படகு கிளம்பும் ஊரூர்க்குப்பம் நாலு கிலோமீட்டர், 110 ரூபாய். சார்ஜரை மறந்தேனோ என்று வழியில் பையைக் கொட்டிக் கவிழ்த்ததில் ஆட்டோக்காரரே பயந்துபோனார். (பையில்தான் இருந்தது.)

படகுக்காரர் சேகர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வாடகை டீசலோடு ஏழாயிரம். ஆய்வகக் கருவி பழுது என்பதால், அவர் படகில் மீன் பார்க்க வைத்திருக்கும் எக்கோ சவுண்டரின் திரையைப் போனில் படம்பிடிப்பதாகத் திட்டம்.

மூன்று மணிக்குக் கிளம்பி, பதினெட்டு கிலோமீட்டர் தாண்டி 4.20க்கு நின்றோம். ஆழம் 38 மீட்டர். திரையின் அடியில் மெல்லிய சாம்பல் படலம்! போனைப் பொருத்தினேன். அதோடு குமட்டல். ஐந்து மணிவாக்கில் படகோரம் தலையைத் தொங்கப்போட்டுக் கிடந்தேன். எழுந்து பார்த்தால் திரை துடைத்துவிட்டதுபோல் இருந்தது. ஏறும், ஏறும் என்று காத்திருந்தேன். 6.10 ஆகியும் ஒன்றுமில்லை. அந்தச் சாம்பல் எங்கே போனது என்று சேகரிடம் கேட்டேன்.

"அந்தத் தூசியா மேடம்? அஞ்சுக்கே கெயினைக் கொறச்சிட்டேனே. சாயங்காலம் ஆச்சுன்னா அது மேல ஏறிக்கினு வரும், மீனே தெரியாது. டெய்லி இப்படித்தான் கொறப்பேன்."

எதிரொலியைத் திரையில் கூட்டிக் குறைக்கும் அந்தக் கெயின் குமிழைத் திருப்பினார். படலம் எட்டு மீட்டரில் நின்றது. ஏறி முடித்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதுவிட்டேன்.

சேகர் சொன்னார்: "காலைல எறங்கும்ல? அது எறங்கினப்புறம்தான் நான் கெயினை ஏத்துவேன். நாளைக்கு முன்னாடியே ஏத்திடறேன், மூணரைக்கு வந்துருங்க மேடம்."

போனேன். ஐந்து மணி தாண்டியதும் படலம் இறங்க ஆரம்பித்தது. வெளுக்கும்வரை இம்மி விடாமல் பதிந்தேன். இறங்கும் கோடே போதும் என்றார் பேராசிரியை.

போகிறவர்களுக்கு: வெறும் வயிற்றோடு போகாதீர்கள், குமட்டல் மாத்திரையை அரை மணி முன்பே போடுங்கள். அதைவிட முக்கியம், கரையிலேயே படகுக்காரரிடம் தினமும் திரையிலிருந்து எதை அழிக்கிறார், எத்தனை மணிக்கு அழிக்கிறார் என்று கேளுங்கள். நான் தேடிப்போனதை சேகர் தினமும் ஐந்து மணிக்கு அழித்துக்கொண்டிருந்தார்.