கடையில் ஆட்டிய மாவு

அம்மா சீட்டுப் பணத்தில் டேபிள் டாப் கிரைண்டர் வாங்கியபோது நான் மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா அந்தப் பணத்தில் பழைய மொபெட் ஒன்று வாங்க நினைத்திருந்தார். செராமிக் கம்பெனியில் நாளெல்லாம் சூளைக்குள் பொம்மை அடுக்கிவிட்டு, சைக்கிள் மிதித்து வீடு வருவது அவருக்கு அலுத்துப் போயிருந்தது. மொபெட் பெட்ரோல் குடிக்கும், கிரைண்டர் சம்பாதிக்கும் என்பது அம்மாவின் கட்சி. இட்லி மாவு ஆட்டித் தெருவில் விற்றால் என் பள்ளிச் செலவுக்கு யாரிடமும் கை நீட்ட வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே அப்பாவைச் சம்மதிக்க வைத்திருந்தார்.

வந்த வாரமே கிரைண்டர் தன் குணத்தைக் காட்டியது. உளுந்து பொங்கி வரும் நேரம் பார்த்துக் கல் நின்றுவிடும். மோட்டார் மட்டும் முனகும். பின்னாலேயே கருகல் வாடை வரும். அப்பா மொபெட் பேச்சை எடுக்கவே இல்லை. அவர் எடுக்காததுதான் அம்மாவை அதிகம் உறுத்தியது.

அதை வாங்கிய பாலக்கரைப் பக்கத்துக் கடைக்கு நானும் அம்மாவும் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு நடையாய் நடந்தோம். ஒவ்வொரு முறையும் முதலாளி அதை வெறுமனே பிளக்கில் சொருகுவார். அது சமர்த்தாகச் சுற்றும்.

“நல்லாத்தான ஓடுது? நீங்க மாவ அள்ளிப் போட்டிருப்பீங்க. பாத்து ஓட்டும்மா.”

“வெறும் கல்லு சுத்துறத வேடிக்கை பாக்கவா வாங்கினேன்?” என்று அம்மா ஒருமுறை கேட்டதற்கு, கம்பெனிக்கு எழுதிப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார்.

“கடைக்காரன்கிட்ட மோதி யாரு ஜெயிச்சா? வுட்டுத் தள்ளு” என்றார் அப்பா. தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை, விடிந்ததும் அம்மா அரிசியையும் உளுந்தையும் ஊறப்போட்டார். மத்தியானம் ஆட்டோ பிடித்தார். கிரைண்டர் அவர் மடியில், அரிசித் தூக்கு காலடியில், ஊறின உளுந்துச் சட்டி என் மடியில். ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் என் பாவாடை நனைந்தது.

கடையில் நிற்க இடமில்லை. நல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம், மகளின் கல்யாணச் சீருக்கு அதே கம்பெனிக் கிரைண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா எங்கள் கிரைண்டரை மேசையில் வைத்துவிட்டு முதலாளியிடம் சாந்தமாகக் கேட்டார்.

“பிளக்கு எங்கண்ணே இருக்குது? ஆட்டி எடுத்துக்கிட்டுப் போயிடுறேன்.”

“இன்னாம்மா இது, கடையா வூடா?”

“வூட்டுலதான் ஓட மாட்டேங்குது. உங்க கடையிலன்னா நல்லா ஓடுதே.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். முதலாளி வாய் திறப்பதற்குள் கல்யாணப் பெண்ணின் அப்பா முந்திக்கொண்டார். “போடட்டுங்க. நாங்களும் பாத்துக்கிறோம்.” மறுக்க வழியில்லாமல் முதலாளி பிளக்கைக் காட்டினார்.

அம்மா உளுந்தைப் போட்டுத் தண்ணீர் தெளித்தார். கல் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. முதலாளி முகத்தில் தெம்பு வந்தது. இன்றைக்குப் பார்த்து நன்றாக ஓடித் தொலைக்கப் போகிறதே என்று பயந்து நான் வேளாங்கண்ணி மாதாவை வேண்டிக்கொண்டேன். ஒரு பொருள் கெட்டுப்போக வேண்டும் என்று நான் செய்த ஒரே பிரார்த்தனை அதுதான். உளுந்து பொங்கி மேலே வந்தது. கல் தயங்கியது, நின்றது. மோட்டார் முனகியது, மெல்லிசாகப் புகை கிளம்பியது. கல்யாணப் பெண்ணின் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. முதலாளி தானே ஏணியில் ஏறிப் புதுப் பெட்டி ஒன்றை இறக்கினார். அம்மா அதை வாங்கிக்கொண்டு கிளம்பவில்லை.

“இதுலயும் ஆட்டிப் பாத்துடலாண்ணே. திரும்பத் திரும்ப உங்கள எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?”

பாதி அரைந்த உளுந்து புதுக் கிரைண்டருக்கு மாறியது. கடைப் பையன் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். உளுந்து வெண்ணெய்போல் திரண்டு வந்தது. பிறகு அரிசி. நல்லூர்க்காரம்மா மாவை விரலில் தொட்டுப் பார்த்து, “இதே மாதிரி ஆட்டிக் காட்டுனா எங்களுக்கும் ஒண்ணு குடுங்க” என்றார். முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அக்கா, நீங்க தெனம் வந்து ஒரு ஈடு ஆட்டிட்டுப் போங்க” என்றார். அதுவரை அம்மா அவருக்கு ‘ஏம்மா’வாகத்தான் இருந்தார்.

நாங்கள் படியிறங்கியபோது, வாசலில் ஓர் அம்மா பையில் சுற்றிய குக்கரை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவரை முன்பே பார்த்திருக்கிறேன். நாங்கள் வந்த நாளொன்றில் அவரும் அதே குக்கரோடு வந்து, அப்படியே திரும்பிப் போயிருந்தார். இப்போது எங்கள் மாவுத் தூக்கையே கொஞ்ச நேரம் பார்த்தார். அம்மா அவரைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று படியேறிக் கடைக்குள் போனார்.

“அவங்க இப்ப உள்ள சோறு ஆக்கப் போறாங்களாம்மா?” என்று கேட்டேன்.

அம்மா சிரித்த சிரிப்பில் தூக்கிலிருந்த மாவு தளும்பியது. கடையில் அடுப்பு இல்லையே, பாவம், அந்த அம்மா என்ன செய்வாரோ என்று வீடு வந்து சேரும்வரை எனக்கு ஒரே கவலை.