மூன்று ஷிப்டுக்கு ஒரு லாரி கம்பெனி

மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் நேற்று ஒரு வாசனை ரப்பர் வாங்கி வந்தாள். ஸ்ட்ராபெர்ரி வடிவம், ஸ்ட்ராபெர்ரி வாசனை. வாங்கி மூக்கருகே வைத்தேன். ஒரு முறை முகர்ந்திருந்தால் பரவாயில்லை, நாலைந்து முறை முகர்ந்துவிட்டேன் போலிருக்கிறது. "அப்பா, அது திங்கறது இல்ல" என்று பிடுங்கி டப்பாவுக்குள் போட்டு மூடிக்கொண்டாள். இந்த வாசனைக்கு உங்களுக்குப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வரலாம். எனக்கு வருவது ஓசூரில் ஒரு மாடி அறை, அதில் ஒரு கம்ப்யூட்டர், அதைச் சுற்றிக் கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த மூன்று தடியன்கள்.

மூவரில் ஒருவன் நான். சொந்த ஊர் காவேரிப்பட்டணம். இன்னொருவன் மாதேஷ், அஞ்செட்டிக்கும் அப்பால் ஒரு ஊர்க்காரன். பாதி கன்னடம் பாதி தமிழ், ஆனால் இரண்டிலுமே அதிகம் பேசமாட்டான். மூன்றாமவன் பாகலூர்ப் பக்கத்து நாகராஜ். மாதேஷ் பேசாமல் விட்டதையெல்லாம் சேர்த்துப் பேசுவான். மூவரும் லாரிகளுக்கு ஒயரிங் செய்து கொடுக்கும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம். ஆனால் மூவரும் மூன்று குரூப். ஒருவன் காலை ஷிப்ட், ஒருவன் மதியம், ஒருவன் இரவு. வாரா வாரம் ஷிப்ட் மாறும், மூன்றும் சேர்ந்தே மாறும். ஒரே வாடகை, ஒரே குக்கர், ஒரே சீப்பு. மூவரும் விழித்த நிலையில் ஒன்றாக இருப்பது மட்டும் ஞாயிற்றுக்கிழமைதான். அந்த நாளும் துணி துவைப்பதிலும் ஊருக்குப் போய் வருவதிலும் கழிந்துவிடும்.

பங்கு போட்டு ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வாங்கினோம். எட்டு மணி நேரமும் எதையாவது எதிலாவது மாட்டுவதே பிழைப்பாக இருந்த மூன்று பேர், பெங்களூருவுக்குப் போய், மாட்டி முடித்து சீல் வைத்த கம்ப்யூட்டரை வாங்கி வந்தோம் என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அத்திப்பள்ளி, ஜூஜுவாடி நெரிசலில் பஸ் ஊர்ந்தபோது அட்டைப்பெட்டியை மடியில் வைத்து மாறி மாறிச் சுமந்தோம். அறையில் வைத்து சுவிட்சைப் போட்டதும் கண்ணாடிப் பக்கத்துக்குள் பச்சை, நீலம், சிவப்பு என்று விளக்குகள் சுழன்றன. கீழ் வீட்டு ஓனரம்மா ரத்னம்மா பார்க்க வந்தார். மீன் தொட்டி என்று நினைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, தெலுங்கும் தமிழுமாக "ஏந்திரா இதி? மீனு எங்கப்பா?" என்றார்.

வெளியே இவ்வளவு தீபாவளி காட்டிய அந்தப் பெட்டிக்குள் இருந்தது நாலே நாலு ஜிபி ரேமும், அம்மிக்கல் மாதிரி சத்தம் போடும் ஒரு ஹார்ட் டிஸ்கும்தான். எங்களுக்கு அது தெரியாது. விளக்குகளை எண்ணி வாங்கியவர்கள் நாங்கள்.

விளையாட்டு என்றால் சுடுவது, வெட்டுவது எல்லாம் இல்லை. லாரி ஓட்டும் விளையாட்டு. பகலில் லாரிக்கு ஒயர் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து லாரி ஓட்டினோம். மூவரும் சேர்ந்து அதில் ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனி நடத்தினோம். ஒரே கணக்கு, ஒரே முதலாளி, மூன்று ஷிப்ட். ஒருவன் விட்ட இடத்திலிருந்து அடுத்தவன் தொடரவேண்டும். அப்படியென்றால் ஷிப்ட் ஒப்படைப்பு வேண்டுமல்லவா? கம்பெனியில் தப்பாக அச்சாகி ஓரங்கட்டிய ஒரு ரெஜிஸ்டரை நாகராஜ் கேட்டு வாங்கி வந்தான். தேதி, ஷிப்ட், உற்பத்தி, பழுது, குறிப்பு, பெற்றுக்கொண்டவர் கையொப்பம் என்று கட்டங்கள். நாங்கள் அதைச் சிரிக்காமல் நிரப்பினோம். "உற்பத்தி: இரண்டு லோடு சிமென்ட். பழுது: ஏழாம் நம்பர் வண்டி டயர் போச்சு, காரணம் நாகராஜ்." குறிப்பு என்ற கட்டத்தில்தான் வாழ்க்கை நடந்தது. "தக்காளித் தொக்கு இருக்கு, ஊசிடுச்சான்னு பாத்துட்டு துன்னு." "தங்கச்சிக்கு மாப்பிள்ளை வூட்ல சரின்னுட்டாங்கோ." அடுத்தவன் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடவேண்டும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே நாங்கள் நண்பர்களாக இருந்தது அந்த ரெஜிஸ்டரின் தயவில்தான்.

எழுதவும் படிக்கவும் ஏது நேரம் என்பீர்கள். விளையாட்டு திறக்க ஏழு நிமிடம் ஆகும்! திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். முகம் கழுவி, பனியனை அலசிப் போட்டுவிட்டு வந்தாலும் வட்டம் சுற்றும். வேறு வழியில்லாமல் ரெஜிஸ்டரை எடுப்போம். அந்த வேளையில் இன்னொருவன் தூங்கி எழுந்திருந்தால் பேச்சு ஓடும். அதிகம் பேசாத மாதேஷ் பேசியதெல்லாம் அந்த ஏழு நிமிடங்களில்தான். அப்பாவுக்குக் கண் மங்குவதை அப்படித்தான் சொன்னான். லாரி கிளம்பிவிட்டால் பிறகு யாரும் வாய் திறக்கக்கூடாது, அது கம்பெனி விதி.

அந்த வட்டம் எங்களுக்குப் பெரிய எரிச்சல். அதற்குள் எங்கள் கம்பெனி முப்பத்தொரு லாரிகளாக வளர்ந்திருந்தது. புதிய ஊர்கள், மலைப்பாதைகள் எல்லாம் சேர்க்க ஆசைப்பட்டோம், பெட்டி மூச்சுவிட முடியாமல் நின்றது. ரேமும் எஸ்எஸ்டி டிஸ்கும் புதிதாகப் போட்டால் பறக்கும் என்றார்கள். வாங்கி வந்தோம். அப்புறம் சீலைப் பிரிக்கத் தைரியம் வர மூன்று வாரம் ஆனது. எங்கள் பயமெல்லாம் லாரி கம்பெனி அழிந்துவிடக்கூடாது என்பதுதான். அதை மூன்று பென்டிரைவில் நகல் எடுத்து ஆளுக்கொன்றாகச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டோம். மூவரும் ஒரே பஸ்ஸில் ஏறக்கூடாது என்று நாகராஜ் உத்தரவு போட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேலை தொடங்கியது. சுவரில் செய்முறைத் தாள் ஒட்டினோம். கையுறை போட்டோம். மாதேஷ் மாட்டுவது, நான் சரிபார்ப்பது, நாகராஜ் டிக் அடிப்பது. எங்கள் கம்பெனியில் கனெக்டர் மாட்டுவதற்கு ஒரு மந்திரம் உண்டு: தள்ளு, கிளிக் சத்தம் கேள், இழுத்துப் பார். இழுத்து வராவிட்டால்தான் பாஸ். மூன்று ஷிப்டிலும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். மாதேஷ் ரேமைத் தள்ளினான். கிளிக் கேட்டது. நான் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தேன். நாகராஜ் டிக் அடித்தான். சுவிட்சைப் போட்டால் விளக்குகள் சுழல்கின்றன, திரை மட்டும் இருட்டு.

அழுக்காக இருக்கும், ரப்பரால் துடைக்கவேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். தெருமுனைக் கடையில் வாசனை ரப்பர்தான் கிடைத்தது. ரேமின் மஞ்சள் பல்வரிசையை மூவரும் முறைபோட்டுத் தேய்த்தோம். அறை முழுக்க ஸ்ட்ராபெர்ரி. மறுபடி தள்ளு, கிளிக், இழு. இருட்டு. டிஸ்குக்குப் போகும் ஒயர் அதைவிட மோசம். இழுத்த ஒவ்வொரு முறையும் கையோடு வந்தது. "இது ரிஜெக்டு மாமா. லாக்கே இல்ல, எவன்டா இத டிசைன் பண்ணவன்" என்று நாகராஜ் அதன் கழுத்தில் சிவப்பு நூல் கட்டித் தனியே வைத்தான்.

மத்தியானம் ரத்னம்மா டீ கொண்டு வந்தார். நான் ஏழாவது முறையோ எட்டாவது முறையோ ரேமை இழுத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏம்ப்பா, ஒக்கார வெச்சத எதுக்கு மறுபடியும் புடுங்கறே?"

"செக் பண்றேங்க்கா."

"புடுங்கனா எதுதான் நிக்கும்?"

குனிந்து பார்த்தால், ரேமுக்கு ஒரு பக்கம்தான் கொக்கி. மறு பக்கம் என் இழுப்பில் நூலளவு மேலே எழும்பி நின்றது. காலையிலிருந்து மாதேஷ் சரியாக மாட்டியதை நான் ஒழுங்காகச் சரிபார்த்துக் கெடுத்துக்கொண்டிருந்தேன். "சும்னிரப்பா, கைய எடு" என்று பாதி கன்னடத்தில் அதட்டி என்னை நகர்த்திவிட்டு மாதேஷ் மாட்டினான். ரிஜெக்ட் ஒயரையும் நூலை அவிழ்த்து மாட்டினான். திரை வெளிச்சமானது. சாயங்காலத்துக்குள் பழைய டிஸ்கில் இருந்ததெல்லாம் புதியதற்குப் போய்ச் சேர்ந்தது. விளையாட்டைத் தொட்டோம். வட்டம் ஒரு சுற்று சுற்றவில்லை, முப்பத்தொரு லாரிகளும் வரிசையாக நின்றன. நாகராஜ் என்னைத் தூக்கிச் சுற்றினான். அன்றுபோல நான் பிறகு எந்தப் பதவி உயர்வுக்கும் சந்தோஷப்பட்டதில்லை.

அடுத்த வாரத்திலிருந்து ரெஜிஸ்டரில் எழுத்து குறைந்தது. நாங்கள் சண்டை போடவில்லை, சலித்துக்கொள்ளவுமில்லை. உட்கார்ந்ததும் லாரி தயாராக நின்றது, அவ்வளவுதான். ஒரு பக்கம் ஒரு வரியானது, பிறகு தேதி மட்டும். பிறகு நான் அதன்மேல் டீ கிளாஸ் வைக்கத் தொடங்கினேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் மலைப்பாதையில் நாற்பது டன் இரும்போடு இறங்கிக்கொண்டிருந்தேன். பின்னால் மாதேஷ் பையைத் தூக்கிக்கொண்டு, "நான் முன்னால போறேன்டா" என்றான். கழுத்தைத் திருப்பாமல் "ம்" என்றேன். ஓரக்கண்ணில் பட்டது பெரிய பையாக இருந்தது. ஊரில் ஏதோ பண்டிகை என்று நினைத்துக்கொண்டேன்.

நாலு நாள் கழித்து கம்ப்யூட்டர் தானாக ஏதோ அப்டேட் போட ஆரம்பித்து, அணைக்காதே என்று எழுதிக் காட்டியது. முப்பது சதவீதத்தில் நின்றுவிட்டது. செய்வதற்கு ஒன்றுமில்லாமல் டீ கிளாஸை நகர்த்தி ரெஜிஸ்டரைத் திறந்தேன். மாதேஷ் எழுத்து, பழைய மாதிரி முழுப் பக்கம். உற்பத்தி ஒன்றுமில்லை, பழுது ஒன்றுமில்லை. குறிப்பு: "சனிக்கிழமையோட வேலைய உடறேன். ஊர்லயே பால் சொசைட்டில வேலை கெடச்சிருக்கு. அப்பாவ பாத்துக்கணும். ஞாயித்துக்கிழமை மூணு மணி அஞ்செட்டி வண்டி. ரெண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு வாங்கோ. நாம மூணு பேரும் ஒண்ணா வெளிய டீ குடிச்சதே இல்ல." பெற்றுக்கொண்டவர் கையொப்பம் என்ற கட்டம் வெறுமையாக இருந்தது.

போன் செய்தேன். ரெஜிஸ்டரை இப்போதுதான் திறந்தேன் என்றேன்.

"படிக்கலயாடா? நான் மூணு டீ சொல்லிட்டேன்" என்றான் மாதேஷ்.

"அப்புறம்?"

"ஆறிப்போச்சு. காச குடுத்துட்டு உட முடியுமா? மூணையும் நானே குடிச்சேன். தேன்கனிக்கோட்டை தாண்டறதுக்குள்ள டிரைவர கெஞ்சி வண்டிய நிறுத்தி எறங்கனேன், பஸ்ஸே சிரிச்சிடுச்சு."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், உங்களிடம் என்ன வெட்கம். அன்றே நானும் நாகராஜும் அந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டோம். ஆடிட்டில் இதைத்தான் முதல் குற்றமாக எழுதுவார்கள், படிக்காமல் விட்டுப் பிறகு போட்ட கையெழுத்து.

பிறகு நாகராஜ் புனேவுக்குப் போனான். கம்ப்யூட்டரை விற்றோம், வாங்கியவர் எங்கள் கண்முன்னாலேயே எல்லாவற்றையும் அழித்தார். சாவிக்கொத்து பென்டிரைவ்கள் அதற்கு முன்பே எங்கோ தொலைந்திருந்தன, முப்பத்தொரு லாரிகள் ஒரு நொடியில் போயின. ரத்னம்மாவின் மாடி இப்போது டியூஷன் சென்டர். என் இப்போதைய லேப்டாப்பில் ரேமைக் கழற்றவும் முடியாது, சேர்க்கவும் முடியாது, ஒட்டியே வந்திருக்கிறது என்றார் கடைக்காரர். நாற்காலியை இழுப்பதற்குள் திறந்துவிடுகிறது. அப்டேட் வந்தால் மட்டும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், உடனே மாதேஷுக்குப் போன் போடுவேன். அதுவும் இப்போது நான் தூங்கும்போது தானே முடிந்துவிடுகிறது.

ரெஜிஸ்டர் என்னிடம்தான் இருக்கிறது. மகள் தூங்கியதும் ரப்பரை எடுத்து இன்னொரு முறை முகர்ந்துவிட்டு, அந்தக் கடைசிப் பக்கத்தையும் எடுத்துப் பார்த்தேன். மூன்று பேரும் ஒன்றாக வெளியே டீ குடித்ததே இல்லை என்று மாதேஷ் எழுதியது இன்றைய தேதிக்கும் சரியாகத்தான் இருக்கிறது.